பலகைத் தளமும் திறக்காத கதவும்

வளையபட்டியில் விசாலாட்சி ஆச்சி வீட்டு மாடியில் நாங்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே கதவு காற்றில் சாத்திக்கொண்டது. யாரும் தாழ்ப்பாள் போடவில்லை, பூட்டவும் இல்லை. ஆனாலும் கதவு திறக்க மறுத்தது.

நால்வரில் ஒருவர் ஆச்சி. மகள் உமையாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த நேரம். இரண்டாமவர் மாப்பிள்ளையின் தகப்பனார், கீழச்சிவல்பட்டிக்காரர். நல்ல ஆகிருதி, வெள்ளை வெளேரென்று வேட்டி, தோளில் துண்டு. மூன்றாமவர் என் கணவர். எங்கள் காலடியில் இருந்த புத்தம்புதுப் பலகைத் தளத்தைப் போட்டவர் அவர்தான். நான்காவது நான், உமையாளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன டீச்சர்.

சம்பந்தி கதவின் வளையத்தைப் பிடித்து இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார்.

"என்ன தம்பி, கதவு வரலையே?"

என் கணவர் குனிந்து பார்த்தார். கதவுக்கு முன்னால் ஒரு பலகை தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"பலகை ஊறியிருக்கு. வேற ஒண்ணுமில்லைங்க" என்றார். வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டாலே பாதி குணமாகிவிடும் என்று நம்புகிற டாக்டரின் குரல் அது.

தூறல் விழ ஆரம்பித்தது.

கப்பலில் வந்த செங்கல்

அந்தப் பலகை எப்படித் தலை தூக்கியது என்று சொல்வதற்கு முன்னால், என் கணவர் எப்படிப் பலகைக்காரர் ஆனார் என்று சொல்லியாக வேண்டும்.

கல்யாணமான மறு வருஷமே அவர் மலேயாவுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே ஈப்போ பக்கம் ஒரு மரம் அறுக்கும் மில்லில் வேலை. நடுவில் ஒரே ஒரு தடவை வந்து போனார். மற்றபடி எங்கள் குடும்ப வாழ்க்கை தபால்காரர் மூலமாக நடந்தது. நான் குன்றக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த சம்பளத்தில் ஓர் ஓட்டு வீடும், அதன் ஒரு பக்கத்தில் சின்ன மொட்டைமாடியும் கட்டிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், அவருக்கு முன்னால் ஊர் திரும்பிய ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேதி சொன்னார்.

"அண்ணன் அடுத்த கப்பல்ல வாராக. வீட்டுக்குன்னு செங்கல் சேர்த்து வச்சிருக்காக."

செங்கல்லா என்று கேட்டேன். ஆமாம், கப்பலில் ஏற்றப்போகிறார்கள், தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் செங்கல் சூளை. மலேயாவிலிருந்து வருகிறவர்கள் நைலான் சேலை கொண்டுவருவார்கள், ரேடியோ கொண்டுவருவார்கள். என் கணவர் செங்கல் கொண்டுவருகிறார். ஊரில் இரண்டு கட்சி உண்டானது. ஒரு கட்சி, அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றது. இன்னொரு கட்சி, செங்கல்லுக்குள் தங்கம் இருக்கும் என்றது. இரண்டாவது கட்சிக்காரர்கள் என்னிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள்.

அவர் வந்து இறங்கினபோது மாட்டு வண்டிகளில் பெட்டி பெட்டியாக வந்தது. எல்லாம் கனத்த மரப்பெட்டிகள். ஊரே கூடி நின்று பார்க்க, ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே தேங்காய் நார். நாரை விலக்கினால் பழைய சட்டை. சட்டைக்கு அடியில் மறுபடியும் நார். அடுத்த பெட்டியிலும் அதே கதை. ஒரு டப்பா பிஸ்கோத்து மட்டும் தனியாகத் தெரிந்தது.

"செங்கல் எங்கே?" என்று கேட்டேன்.

அவர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இதுதான்."

அந்த ஊரில் ஒரு மரத்துக்குப் பெயரே கிட்டத்தட்ட அப்படித்தானாம், செங்கால் என்றோ செங்ஙல் என்றோ. மழையில் கிடந்தாலும் மக்காது, கறையான் கிட்டே வராது, பாலத்துக்கும் படகுக்கும் போடுகிற மரம். பலகையாகக் கொண்டுவந்தால் ஆயிரம் கேள்வி வரும் என்று பெட்டியாக அடித்துக் கொண்டுவந்துவிட்டார். துறைமுகத்தில் ஓர் அதிகாரி சந்தேகப்பட்டு ஒரு பெட்டியைக் காலி செய்து, நாரையெல்லாம் உதறிப் பார்த்து, ஒன்றும் இல்லாத ஏமாற்றத்தில் "எடுத்துட்டுப் போங்க" என்றாராம். இதை அவர் வாழ்நாளில் எத்தனை பேரிடம் சொன்னார் என்று எனக்குக் கணக்கில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டாவது கட்சி கலைந்து முதல் கட்சியோடு சேர்ந்துவிட்டது.

வற்றல் காயப்போடும் இடம்

மில் மானேஜரின் பங்களாவில் ஆற்றைப் பார்த்த மாதிரி திறந்தவெளியில் ஒரு பலகைத் தளம் இருந்ததாம். மேலே கூரை கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே ஓடிவிடும். பத்து நிமிஷத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம். அதற்கு வருஷா வருஷம் எண்ணெய் போடுவது என் கணவரின் பொறுப்பு. உட்காருவது மானேஜரின் பொறுப்பு.

"நம்ம ஊருப் பெரிய வீடுகள்ல மாடி மாடியாக் கட்டிப் போட்டிருக்காக. மத்தியானம் ஒரு மனுசன் கால் வைக்க முடியுதா? கொதிக்குது. இந்தத் தளம் ஒண்ணு போட்டுக் காட்டிட்டா, ஆளு மேல ஆளு வந்து நிப்பான் பாரு" என்றார்.

இதுதான் திட்டம். எங்கள் மொட்டைமாடிதான் மாதிரிக்குக் காட்டுகிற இடம். தொழில் பிடித்துக்கொண்டால் இங்கேயே இருப்பார். இல்லாவிட்டால் மலேயாவுக்குத் திரும்பிப்போக அனுமதி ஒன்று கையில் வைத்திருந்தார், அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் கெடு இருந்தது. இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன்.

வேலைக்கு வேலு ஆசாரி வந்தார். நல்ல கைவேலைக்காரர், அதைவிட நல்ல வாய்க்காரர். பெட்டிகளைப் பிரித்துப் பலகையாக்கினார்கள். தரைக்கும் பலகைக்கும் நடுவே காற்றோட வேண்டும் என்று சட்டம் போட்டு, அதன் மேல் பலகை. அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

"பலகைக்குப் பலகை விரல் நுனி அளவு இடைவெளி விடணும்" என்றார் என் கணவர்.

ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். "இடைவெளி விட்டா அது தளமா, பரணா? ஆசாரிக்குச் சேர்க்கத் தெரியலைன்னு நாளைக்கு ஊரு சொல்லும். நான் இறுக்கித்தான் அடிப்பேன்."

"மழை பெஞ்சா மரம் ஊதும் ஆசாரி. இடம் வேணும்ல?"

"மழை பெஞ்சாத்தானே."

எங்கள் சீமையில் அது நியாயமான கேள்வி. ஆனாலும் வீட்டுக்காரர் சொல் வென்றது. இடைவெளி விட்டே அடித்தார்கள். ஆணி பித்தளையில் வேண்டும் என்றார் என் கணவர், இரும்பு ஆணி பட்டால் அந்த மரம் மை ஊற்றின மாதிரி கறுத்துப்போகும் என்றார். அதுவும் நடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நல்ல தேன் நிறம்.

சித்திரை வந்தது. மலேயாவில் மழையிலேயே பிறந்து மழையிலேயே வளர்ந்த மரம் முதல் தடவையாகக் காரைக்குடிச் சீமை வெயிலைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் ஒடுங்கிவிட்டது. விரல் நுனி இடைவெளி விரல் அகலம் ஆனது. அதில் என் கொண்டை ஊசி விழுந்தது, பேனா மூடி விழுந்தது, பக்கத்து வீட்டுச் சாவி விழுந்தது. ஆசாரி தினமும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"நான் சொன்ன மாதிரி இறுக்கி அடிச்சிருந்தா இப்பச் சரியா இருந்திருக்கும்" என்பார். அது உண்மை என்பதுதான் கொடுமை.

தொழில் கேட்டு யாரும் வரவில்லை. ஆனால் தெருப் பெண்கள் வந்தார்கள். கீழேயும் மேலேயும் காற்றடிப்பதால் வற்றல் ஒரே நாளில் காய்கிறது என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். காலும் சுடுவதில்லை. வெண்டை வற்றல், மோர் மிளகாய், கூழ் வடகம் என்று தளம் நிரம்பிவிட்டது. என் கணவர் வாசலில் நின்று, உப்பு பட்டால் மரம் வீணாகும் என்று சொல்லிப் பார்த்தார்.

"மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நாங்க துணி விரிச்சுத்தானே போடுறோம்" என்று அவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு மேலே போனார்கள்.

எண்ணெய்ப் படலம்

இந்த இடத்தில் எண்ணெய் பற்றிச் சொல்லாவிட்டால் அவர் ஆத்மா என்னை மன்னிக்காது.

வெயிலில் பலகை சாம்பல் பூத்தது. பார்க்கிறவர்களெல்லாம் "என்னங்க, மரம் நரைச்சுப்போச்சு" என்று துக்கம் விசாரித்தார்கள். நரைப்பதால் மரத்துக்குக் கெடுதல் இல்லை, மேலே மட்டும்தான் என்று விளக்கிச் சொல்லி அலுத்து, எண்ணெய் போட முடிவு செய்தார்.

முதலில் வேப்பெண்ணெய். பூச்சி வரவில்லை, மனிதர்களும் வரவில்லை. அந்த மாதம் தெருவில் எல்லார் வீட்டு வற்றலும் கசந்தது. அடுத்தது இலுப்பை எண்ணெய். எறும்பு எங்கெங்கிருந்தோ சாரி சாரியாக வந்தது. மூன்றாவதாகக் காரைக்குடியில் பெயிண்டுக் கடையில் சொல்லி ஆளிவிதை எண்ணெய் வாங்கிவந்தார். தாராள மனசோடு தடவினார். அது காயவே இல்லை. காற்றில் வந்த இலவம் பஞ்சு முழுவதும் தளத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பூனை குறுக்கே போன தடம் வருஷக்கணக்கில் இருந்தது.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிசாகத் தேய்த்து, மிச்சத்தை உடனே துடைத்துவிட வேண்டும். மழை ஓய்ந்து பலகை நன்றாகக் காய்ந்த தை மாசத்தில் செய்ய வேண்டும், மழைக்கு முன்னால் அவசரப்பட்டு அல்ல. இடுக்கில் விழுகிற வேப்பிலையை மூங்கில் சிம்பு விட்டு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தங்கும். வார்னிஷ் பக்கம் போகவே கூடாது, வெயிலில் தோல் உரிகிற மாதிரி உரியும். இத்தனையையும் என் கணவர் மலேயாவிலேயே கற்றுக்கொண்டு வந்ததாகத்தான் வெளியே சொல்வார்.

சிம்பு விடுகிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. விடுமுறை நாட்களில் காலையில் அவர் ஒரு கோடியில் துடைப்பார், நான் மறு கோடியில் இடுக்கு சுத்தம் செய்வேன். தபாலில் சொல்ல மறந்துபோன பழைய சங்கதிகளை அப்போது பேசிக்கொள்வோம். நடுவில் சந்தித்துக்கொள்ளும்போது பேச்சு நின்றுவிடும். இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஆச்சி வந்து கால் வைத்தார்

விசாலாட்சி ஆச்சி ஒரு மாலையில் என்னைப் பார்க்க வந்தார். உமையாள் அப்போது மதுரையில் ஹாஸ்டலில் இருந்து பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். முடிக்க இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அதற்குள் நல்ல இடம் வந்து கல்யாணம் கூடிவிட்டது.

"மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. அவுக அப்பச்சிதான் பிடிவாதம். கல்யாணத்துக்கு அப்புறம் காலேஜ் கிடையாதுங்கிறாக. நான் பேச்சை எடுத்தாப் போதும், துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நேரமாச்சுன்னு கிளம்பிப் போயிடுறாக. டீச்சர், நீங்க ஒரு தடவை வந்து சொல்லுங்க" என்றார்.

ஆச்சியின் கணவர் பெரிய மனிதர், எந்த விஷயத்தைக் கேட்டாலும் "ஆச்சிகிட்டக் கேட்டுக்கங்க" என்று சொல்கிற அளவுக்குப் பெரிய மனிதர். ஆகவே இது ஆச்சிக்கும் சம்பந்திக்கும் நடுவே நடந்த போர்.

வந்தவரை மாடிக்கு அழைத்துப் போனேன். ஆச்சி பலகையில் கால் வைத்தார். இரண்டு எட்டு நடந்தார். திரும்பி வந்தார்.

"வெயில் இறங்கவே இல்லை. கால் சுடலையே?"

என் கணவர் எங்கிருந்தோ வந்து நின்றுவிட்டார். அடுத்த வாரமே வளையபட்டியில் அளவெடுத்தார்கள்.

மலேயா மரத்துக்கு இனி வழியில்லை. ஆச்சிக்குப் பர்மாத் தேக்கு தவிர வேறு எதுவும் மரமே அல்ல. பக்கத்து ஊரில் பிரித்த ஒரு பழைய வீட்டின் உத்தரங்களை வாங்கி அறுத்தார்கள். அறுபது எழுபது வருஷம் கூரைக்கடியில் காய்ந்து எலும்பாகிப்போன மரம். மாடிக் கூடத்தில் ஒரு ஜன்னலை இடித்துக் கதவு வைத்தார்கள். மானேஜர் பங்களாவில் கதவு வெளிப்பக்கம் திறக்கும் என்பதால் இங்கேயும் அப்படியே.

பலகை அடிக்கும்போது என் கணவர், எங்கள் வீட்டில் பட்ட பாட்டை நினைத்து, "ஆசாரி, இந்தத் தடவை நீங்க சொன்னபடியே இறுக்கி அடிங்க" என்றார். ஆசாரிக்கு ஜென்ம சாபல்யம். ஆப்பு வைத்து, இறுக்கி, ஊசி நுழையாதபடி சேர்த்தார். கதவுப் பக்கத்தில் கொஞ்சம் பித்தளை ஆணி பற்றாமல் போக, மிச்சத்துக்கு இரும்பு ஆணியை அடித்துவிட்டு அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஈர மரத்துக்கு இடைவெளி விட்டவர்கள், காய்ந்த மரத்துக்கு இடைவெளி விடாமல் அடித்தார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரே தடவைதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடவில்லை. மழை விட்ட மறுநாள்தான் சம்பந்தி ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார்.

ஜன்னல் வழியாக

ஆச்சி என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் படிப்புப் பேச்சை எடுத்தார். சம்பந்தியின் கை துண்டுக்குப் போனது. அந்தச் சமயம் பார்த்து என் கணவர், "ஐயா, புதுத் தளத்தைப் பார்க்கலையே" என்று குறுக்கே விழுந்தார். படிப்பிலிருந்து தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில் சம்பந்தி உடனே மாடியேறினார். கதவு அப்போதே கொஞ்சம் உரசிக்கொண்டுதான் திறந்தது. நாங்கள் மறு கோடிக்குப் போனபோது காற்று அதை ஓங்கிச் சாத்தியது. வேகத்தில் வந்த கதவு, எழும்பி நின்ற பலகையைத் தாண்டி உட்கார்ந்துவிட்டது. திரும்பத் தாண்ட மறுத்தது.

மற்ற இடங்களில் தளம் முதலை முதுகு மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. அதுவரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஐயா, நீங்க கொஞ்சம் அந்தப் பலகை மேல ஏறி நில்லுங்களேன்" என்றார் என் கணவர்.

சம்பந்தி ஏறி நின்றார். பலகை அசையவில்லை. சட்டென்று அவருக்குத் தன்னை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று புரிந்து, இறங்கிவிட்டார்.

கதவுக்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது. கல்யாண வேலைக்காக அங்கே வந்திருந்த வேலு ஆசாரியின் முகம் அதில் தெரிந்தது.

"இறுக்கி அடிச்சது யாரு?" என்றார் என் கணவர், குரலைத் தணித்துக்கொண்டு.

"இறுக்கி அடிக்கச் சொன்னது யாரு?"

"ஏணி கொண்டாரச் சொல்லட்டுமா?" என்று நான் கேட்டேன்.

சம்பந்தி கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். முற்றத்தில் சமையல்காரர்கள், பந்தல்காரர்கள், உறவினர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேண்டாம்" என்றார்.

ஆசாரி கம்பி வழியாக உளியையும் அதைத் தட்டுகிற கொட்டாப்புளியையும் கொடுத்தார். என் கணவர் மண்டியிட்டு, தானே போட்ட தளத்தைத் தானே செதுக்க ஆரம்பித்தார்.

ஆச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். கதவைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"தம்பி, அவசரமில்லை. நல்ல மரம், வீணாயிடாம மெதுவாவே செதுக்குங்க" என்றார்.

பிறகு சம்பந்தி பக்கம் திரும்பினார். "அண்ணே, இப்பப் பேசலாமா?"

சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கதவு வரைக்கும் போனார். திரும்பி வந்தார். துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார், தூறல் வலுத்திருந்தது.

"என்ன பேசணும் ஆச்சி? மூத்தவனுக்குப் படிச்ச பொண்ணுன்னு பார்த்துத்தான் கட்டினேன். ரெண்டு பேரும் மெட்ராசுக்குப் போனவுக போனவுகதான். எங்க வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆளில்லை. இதுவும் படிச்சா இதுவும் போகும்."

அவ்வளவு நாளும் பிடிவாதமாகத் தெரிந்தது அன்று வேறு மாதிரி தெரிந்தது. நான் யோசித்து வைத்திருந்த பெண் கல்வி பற்றிய சொற்பொழிவு அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று எனக்கே தெரிந்தது.

அப்போது ஜன்னல் கம்பிக்கு நடுவில் ஒரு குடை நீண்டது. பின்னால் உமையாள். கல்யாணப் பெண் மாமனார் முன்னால் வருவதே அதிகம். ஆனால் வீட்டில் மற்ற எல்லாரும் கீழே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், குடை எடுத்து வர வேறு ஆளில்லை.

சம்பந்தி குடையை வாங்கினார். வாங்கும்போது தன் வேட்டியைக் கவனித்துவிட்டார். கதவோரம் நின்ற நேரத்தில் பலகையிலிருந்து தெறித்த தண்ணீரில் வேட்டி விளிம்பில் தேயிலை நிறத்தில் சாயம் ஏறியிருந்தது. இரும்பு ஆணி இருந்த இடத்தில் நின்றதற்கு அடையாளமாக ஒரு கறுப்புத் திட்டும் இருந்தது.

"கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே?" என்று கேட்டார், கொஞ்சம் எரிச்சலாக. "இந்தக் கறை போகுமான்னு உன் கெமிஸ்ட்ரி சொல்லுமா?"

உமையாள் கம்பி வழியாகப் பார்த்தாள். "போகும் மாமா. ஆனா சவுக்காரம் போட்டுடக் கூடாது, இன்னும் கறுத்துப் போயிரும். மரத்துல துவர்ப்பு இருக்கு, அதுல இரும்பு சேர்ந்திருக்கு. எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சு ஊறவச்சு அலசச் சொல்லுங்க."

இரும்பு என்று கேட்டதும் என் கணவர் செதுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஆசாரியின் முகம் ஜன்னலிலிருந்து மறைந்தது.

"இதெல்லாம் பி.எஸ்.சி.யில சொல்லிக்குடுத்ததா?"

"இல்லை மாமா. இது அதுக்கு முன்னாடியே படிச்சது."

"அப்ப பி.எஸ்.சி.யில என்னதான் சொல்லிக்குடுப்பாக?"

"அதுல பாதிதான் மாமா தெரியும். மிச்சம் அடுத்த வருசம் படிச்சாத்தான் தெரியும்."

சம்பந்தி குடையை விரித்தார். அதைத் தான் பிடித்துக்கொள்ளாமல் ஆச்சிக்கும் எனக்கும் நடுவே நீட்டினார். கொட்டாப்புளி சத்தம் மறுபடி தொடங்கியது.

"லீவுக்கு எங்க வீட்டுக்குத்தான் வரணும். மெட்ராசுக்குப் போகக் கூடாது" என்றார் ஜன்னலைப் பார்த்து.

"சரி மாமா."

"வந்தா நாலு வார்த்தை பேசணும். புத்தகத்தை வச்சுக்கிட்டு மூலையில உட்காரக் கூடாது."

"சரி மாமா."

ஆச்சி மெல்ல, "டீச்சர், கேட்டுக்கிட்டீகள்ல?" என்றார். கேட்டுக்கொண்டேன் என்றேன்.

பலகையின் விளிம்பு உடைந்து கதவு திறந்தது அதற்கும் வெகு நேரம் கழித்துத்தான். என் கணவர் ஆச்சி சொன்னதை அப்படியே நம்பி, மரம் வீணாகாமல் செதுக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம்

கல்யாணத்துக்குள் தளத்தைச் சரி செய்தாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு பலகையையும் எடுத்து ஓரத்தில் இழைத்து, மெல்லிய இடைவெளி விட்டு மறுபடி அடித்தார்கள். இரும்பு ஆணியெல்லாம் பிடுங்கப்பட்டது. அதைப் பற்றி ஆசாரியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே தன் செலவில் பித்தளை ஆணி வாங்கி வந்தார். கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார்கள். நாதஸ்வரக்காரர்கள் அந்தத் தளத்தில்தான் உட்கார்ந்து வாசித்தார்கள். உமையாள் அடுத்த வருஷம் பரீட்சை எழுதித் தேறினாள். பிறகு கீழச்சிவல்பட்டியில் இருந்துகொண்டே பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு வேலைக்குப் போனாள். மெட்ராசுக்குப் போகவில்லை. மாமனார்தான் பேச்சுத் துணைக்காகப் பள்ளிக்கூட வாசல் வரை கூடவே போய்வந்தார் என்று சொல்வார்கள்.

என் கணவரின் தொழில் பெரிதாக வளர்ந்தது என்று சொல்ல ஆசைதான். சுற்றுவட்டாரத்தில் மொத்தம் நாலைந்து தளம் போட்டிருப்பார். மற்றபடி மர டிப்போ ஒன்றில் மரம் பார்த்துச் சொல்கிற வேலை கிடைத்தது.

உமையாள் கல்யாணத்தை அடுத்து வந்த தை மாசம் எங்கள் மாடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். மலேயா அனுமதியின் கெடு அந்த மாசக் கடைசியோடு முடிகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் சிம்பு விட்டு இலையை எடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "என்ன செய்யப் போறீக?" என்று கேட்டேன்.

அவர் துணியைப் பிழிந்தார்.

"இந்த ஊரு வெயிலுக்கும் மழைக்கும் மரம் எப்படி நடந்துக்கும்னு ஒரு வருசம் முழுக்கப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"அதான் ஒரு வருசம் பார்த்தாச்சே."

"போதாது. இன்னும் ஒரு வருசம் பார்க்கணும்" என்றார்.

மறு வருஷம் தையிலும் அதையேதான் சொன்னார். அதற்கு அடுத்த வருஷம் நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.